லிங்க் சுருக்கிகள்: அச்சில் ஏறிய பிறகுதான் தெரியும்

நீளமான இணைய முகவரியைக் குட்டியாக்கித் தரும் சுருக்கிகளில் எது நல்லது என்று கேட்பவர்கள் நீளத்தைத்தான் பார்க்கிறார்கள். நான்கு எழுத்து கூடினால் குடியா முழுகிவிடும்? போய்ச் சேரும் முகவரியைப் பிறகு மாற்ற முடியுமா, நடுவில் யாராவது வந்து நிற்பார்களா என்று கேளுங்கள்.

நடுவில் நிற்பதுதான் தீராத எரிச்சல். இலவசக் கணக்கில் போட்ட லிங்க் நேற்றுவரை நேராகப் போகும். இன்று இடைப்பக்கம் ஒன்று முளைத்து, "தொடர இங்கே அழுத்தவும்" என்று சொல்லும், பக்கத்திலேயே விளம்பரம். அதற்குள் க்யூஆர் அச்சாகி ஊரெல்லாம் போயிருக்கும்.

சோதிப்பது எளிது. டெர்மினலில் ஓடும் கர்ல் கட்டளையில் ஹெட்டரை, அதாவது சர்வர் பக்கத்துக்கு முன்னால் அனுப்பும் தகவலை, மட்டும் கேளுங்கள். 301 (நிரந்தரத் திருப்பம்) அல்லது 302 (தற்காலிகத் திருப்பம்) வந்து, திருப்பும் முகவரியும் உங்களுடையதாகவே இருந்தால் நேர்வழி. 200, அதாவது 'இதோ பக்கம்' என்ற பதில், வந்தால் நடுவில் பக்கம் இருக்கிறது. மாற்ற வேண்டியிருக்கும் லிங்க்குக்கு 302-தான் சரி. 301-ஐ பிரவுசர் நினைவில் வைத்துக்கொள்ளும். நீங்கள் முகவரியை மாற்றினாலும், முன்பு வந்தவரைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகும்.

பெரிய நிறுவனம் என்பதும் காப்பீடு இல்லை. கூகுள் தன் கூ.ஜிஎல் (goo.gl) சுருக்கிச் சேவையை 2019-ல் நிறுத்தியது. 2025 ஆகஸ்ட் 25-க்குப் பின் பழைய லிங்க்குகளும் ஓடாது என்று அறிவித்து, கடைசி நேரத்தில்தான் புழக்கத்தில் உள்ளவை மட்டும் பிழைக்கட்டும் என்று இறங்கி வந்தது.

பிட்லி (bit.ly) என்ற சுருக்கியில், எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற கிளிக் கணக்கு அருமை. லிங்க் கடைசியில் கூட்டல் குறி போட்டால் எங்கே போகிறது என்று முன்கூட்டியே பார்க்கலாம். ஆனால் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இரண்டும் அதற்கு வேறு வேறு. பார்த்துத் தட்டச்சு செய்பவர் பூஜ்யத்துக்கும் ஓ-வுக்கும் நடுவில் திண்டாடுவார். அச்சுக்குப் போவதென்றால் சாய்கோட்டுக்குப் பிறகு வரும் பின்பாதியை நீங்களே சின்ன எழுத்தில் வையுங்கள்.

நியாயமாக மதிப்பெண் போட்டால் சொந்த டொமைனில், அதாவது உங்கள் பெயரில் பதிந்த இணையப் பெயரில், யுவர்ல்ஸ் (YOURLS) என்ற சுருக்கி மென்பொருளை நிறுவுவதுதான் முதலிடம். சர்வரில் பிஎச்பி மொழியும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் இருந்தால் போதும். லிங்க் உங்கள் கையில். டொமைனைப் புதுப்பிக்க மறந்தால் வேறொருவன் கைக்குப் போகும், அவ்வளவுதான்.

ஆனாலும் அவசரத்துக்கு இஸ்.ஜிடி (is.gd) என்ற சுருக்கித் தளத்தைத்தான் திறப்பேன். கணக்கு வேண்டாம், ஒட்டு, எடு. முகவரியை அப்புறம் மாற்ற முடியாது, தெரியும். வாட்ஸாப்பில் அனுப்ப அதுகூட வேண்டாம்: யார் எங்கிருந்து வந்தார் என்று கணக்கெடுக்க முகவரியின் கடைசியில் ஒட்டிய, யூடிஎம் (utm) என்று தொடங்கும் வாலை வெட்டினாலே பாதி நீளம் குறையும்.