'கம்போடியா நடராஜர்' ஸ்டாம்ப் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தபால்தலை விற்பனைக் குழு ஒன்றில் ஒருவர் 'கம்போடியா வெளியிட்ட இந்து தெய்வ ஸ்டாம்ப்கள், அரிய செட்' என்று விற்கிறார். 1,800 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். இன்றைக்கும் அதே படங்களைப் போட்டுக்கொண்டிருக்கிறார்.

அது கம்போடியா வெளியிட்டதே இல்லை. 1954 ஜெனீவா ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்தோசீனப் போர்நிறுத்தத்தைக் கண்காணிக்க இந்தியா, கனடா, போலந்து சேர்ந்த ஆணையம் போனது, தலைமை இந்தியாவுக்கு. அங்கிருந்த நம் ஆட்களின் தபாலுக்காக, 1949-இல் வந்த தொல்லியல் வரிசை ஸ்டாம்ப்கள் மேல் 'அந்தர்ராஷ்ட்ரீய ஆயோக் கம்போஜ்' (சர்வதேச ஆணையம், கம்போடியா) என்று தேவநாகரி எழுத்தில் அச்சேற்றினார்கள். இதைத்தான் மேலச்சு என்பது. லாவோஸ், வியட்நாமுக்குத் தனித்தனி. கம்போஜ் செட்டில் ஐந்தே மதிப்புகள்: 3 பை, 1 அணா, 2 அணா, 8 அணா, 12 அணா. நடராஜர் இருப்பது 2 அணாவில்.

எனக்கு வந்த கவரில் ஆறு. ஆறாவது, எலிபெண்டா திரிமூர்த்தி போட்ட 9 பை. கொரியா போன நம் படைக்கு 1953-இல் போட்ட மேலச்சில் 9 பை உண்டு, கம்போஜில் கிடையாது. சாமி படம் விலை போகும் என்று அண்ணன் தானே ஒன்று 'வெளியிட்டிருக்கிறார்'.

விவரணையில் 'திரிசூலம் ஏந்திய சிவன்' வேறு. கூத்தபிரான் கையில் ஏது திரிசூலம்? வலது பின்கையில் உடுக்கை, இடது பின்கையில் தீ, மிதிபடுவது முயலகன். சிதம்பரம் பக்கம் சின்னப்பிள்ளைகூட சொல்லும்.

இதை அறியாமை என்று விட்டுவிடலாம். முத்திரையை விட முடியாது. நடராஜர் மேல் குத்தியிருப்பது தமிழ்நாட்டு ஊர் ஒன்றின் தபால் முத்திரை, வருடம் 1951. மேலச்சே 1954 கடைசியில்தான் வந்தது. இவை பயன்பட்டதும் ராணுவக் கள அஞ்சலகங்களில்; முத்திரையில் அதன் சுருக்கமான எஃப்.பி.ஓ. என்பதும் எண்ணும் இருக்கும், ஊர்ப் பெயர் இருக்காது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் நாகரி எழுத்து முத்திரை மையின் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அசலில் முத்திரைதான் மேலே. எழுத்தைச் சுற்றி லேசர் பிரிண்டர் தூவிய கறுப்புப் பொடி வேறு.

கேட்டதற்கு, "வாட்டர்மார்க் பாருங்க சார், நட்சத்திரம் தெரியுதா? ஒரிஜினல்!" என்றார். தெரிகிறது. ஆனால் வாட்டர்மார்க் என்பது ஸ்டாம்ப் தாளுக்குள்ளேயே இருக்கும் குறி. பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் பழைய 2 அணா ஸ்டாம்ப் அசல்தானே! போலி அதன்மேல் உள்ள எழுத்து. வாட்டர்மார்க் அதைக் காட்டிக்கொடுக்காது. பணத்தைத் திரும்பக் கேட்டதும் என்னை பிளாக் செய்துவிட்டார்.

1 அணாவையும் பாருங்கள். 1949-இல் போதிசத்துவர் படம் இடம் வலம் மாறி அச்சாகி, 1950-இல் திருத்தப்பட்டது. திருத்தாத பழைய படத்தின் மேல் கம்போஜ் என்று இருந்தால் கை வைக்காதீர்கள்.

குழு நிர்வாகியிடம் ஸ்கேனோடு புகார் கொடுத்திருக்கிறேன். இதே ஆளிடம் வாங்கியவர்கள் உங்கள் ஸ்கேனையும் அனுப்புங்கள், சேர்த்துக் கொடுக்கலாம்.