விக்டோரியா கேடயச் சவரன்: வாங்கலாமா?

பழைய ஆங்கிலேயத் தங்கக் காசு சேர்க்க ஆரம்பிப்பவர் முதலில் எதை வாங்கலாம் என்று கேட்டால், விக்டோரியா மகாராணி காலத்துக் கேடயச் சவரனைத்தான் சொல்வேன். என்னிடம் இருப்பது 1872-இல் லண்டனில் அடித்தது. ஒரு பக்கம் வில்லியம் வையன் செதுக்கிய இளம் ராணியின் தலை. மறுபக்கம் கிரீடம் வைத்த கேடயம், அதற்குள் இங்கிலாந்தின் சிங்கங்கள், ஸ்காட்லாந்தின் சிங்கம், அயர்லாந்தின் யாழ். இவருக்கு முன் ஆண்ட நான்காம் வில்லியத்தின் சவரனில், அவரே ஆண்ட ஜெர்மன் நாடான ஹனோவரின் சின்னமும் இருந்தது; இதில் அது கிடையாது, ஏனென்றால் ஹனோவரின் அரியணை பெண் என்பதால் இவருக்கு வரவில்லை. 22 மி.மீ. வட்டத்துக்குள் இவ்வளவு சரித்திரம்!

எனக்கு இதில் மிகவும் பிடித்தது கேடயத்தைச் சுற்றிய இலை மாலைக்குக் கீழே இருக்கும் குட்டி எண். 1863 முதல் 1874 வரை லண்டனில் அடித்த கேடயச் சவரன்கள் பெரும்பாலானவற்றில் காசை அடித்த அச்சின் எண்ணும் பொறித்திருக்கும், அதை வைத்தே எண் எண்ணாகத் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு. லென்ஸ் இல்லாமல் வாங்கப் போகாதீர்கள்.

விலை? 22 காரட், 7.32 கிராம் சுத்தத் தங்கம். சாதாரண வருடங்கள் தங்க மதிப்புக்குக் கொஞ்சம் மேலேயே கிடைத்துவிடும். பழசு என்றாலே அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். எத்தனை உருக்காமல் தப்பின என்பதுதான் கணக்கு. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி 1257-இல் வெளியிட்ட தங்கப் பென்னிக்கு 20 பென்ஸ் என்று மதிப்பு வைத்தார்கள், அதிலிருந்த தங்கமோ அதைவிட அதிகம் பெறும் என்றானதும் உருக்கித் தள்ளிவிட்டார்கள். தப்பியவற்றில், இங்கிலாந்தின் டெவனில் கிடைத்த ஒன்று 2022 ஏலத்தில் 6,48,000 பவுண்டுக்குப் போனது. சவரனிலேயே 1819-ஆம் வருடத்தது வெறும் 3,574 தான் அடித்தார்கள், அதெல்லாம் நமக்கு எட்டாது.

குறை என்றால், நிறையச் சவரன்கள் நகையில் ஏறி இறங்கியவை. விளிம்பில் பற்றவைத்த தழும்பு இருக்கிறதா என்று சுற்றிப் பாருங்கள். கண்ணைப் பறிக்கிற மாதிரிப் பளபளத்தால் பாலிஷ் போட்டிருக்க வாய்ப்பு அதிகம், சேகரிப்பவருக்கு அதன் மதிப்பு அப்போதே விழுந்துவிட்டது. தயவுசெய்து வீட்டிலும் தேய்க்காதீர்கள். புதுக் காசின் எடை 7.99 கிராம், 7.94-க்குக் கீழே தேய்ந்ததை அந்தக் காலத்திலேயே செல்லாது என்றுதான் வைத்திருந்தார்கள். ஆனால் எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, அசல் தங்கத்திலேயே போலி அடித்திருக்கிறார்கள். அதனால் எழுத்துகளின் கூர்மையையும் பாருங்கள்.

அப்புறம், கேடயச் சவரன் கைக்கு வந்ததும் ஆசை 1917 லண்டன் சவரன் பக்கம் போகும். பத்து லட்சத்துக்கு மேல் அடித்தும் போர்ச் செலவுக்குப் போய் உருகியதால் அது அபூர்வமானது, போலிகளும் ஏராளம். தரச் சான்று இல்லாமல் யார் கொடுத்தாலும் அதை வாங்காதீர்கள்.