பேத்தியின் ஞானஸ்நான கவுனுக்கு நாகர்கோவில் ரேந்தை

வீட்டிலேயே ரேந்தை (கையால் பின்னும் லேஸ்) பின்னி விற்கும் ஒரு அக்காவிடம் வாங்கினேன். திண்டு மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகிறார். பின்பக்கம் திருப்பினாலும் முடிச்சு தெரியவில்லை. கஞ்சிதான் கூடுதல், பிள்ளை கழுத்தில் உறுத்தியது, அலசியதும் சரியாயிற்று. மெஷின் லேஸைவிட விலை பல மடங்கு. பேரம் பேச மனசு வரவில்லை.

இங்கே இதைக் கற்றுக்கொடுத்தது, 1819இல் கணவரோடு வந்த லண்டன் மிஷன் மார்த்தா மால்ட் அம்மா. மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லைக் கட்டி திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடி போனபோது ரேந்தையும் கூடவே போனது. ஊழியம் என்றால் ஐயர்மார் (பாதிரியார்கள்) பிரசங்கம்தான் என்பவர்களுக்கு இந்தத் தாயும் மகளும் கண்ணில் படுவதில்லை: வீடு, பிள்ளைகள், பெண்கள் பள்ளி, நடுவே திண்டும் நூலும்.

ஆர்டர் கொடுப்பதானால் கிறிஸ்துமஸ் நெருக்கத்தில் வேண்டாம்.