யூ லாக்: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

சைக்கிளோடு கடையிலேயே மாட்டித் தரும் பின்வீல் பூட்டு வண்டியை உருட்ட விடாது, அவ்வளவுதான். பதினைந்து கிலோ வண்டியை அப்படியே தூக்கி லோடு ஆட்டோவில் போடுகிறவனுக்கு அது தடையே இல்லை. கேபிள் லாக் வெளியே விரல் பருமன் இருக்கும். உறையை உரித்தால் முறுக்கிய மெல்லிய கம்பி இழைகள்தான், கட்டர் இழை இழையாகக் கடித்துவிடும். மலிவான நம்பர் லாக்கை வெட்டவும் வேண்டாம். வளையங்கள் தேய்ந்து தொளதொளத்த பிறகு எண் எங்கே உட்காருகிறது என்று விரலுக்கே தெரிந்துவிடும்.

கடலோரக் காற்று, வெயில், ஐப்பசி மழை மூன்றும் படும் இடத்தில் இத்தனை நாள் உருப்படியாக நிற்பது 14 மி.மீ. கம்பியை யூ வடிவில் வளைத்து, அதன் இரு முனையையும் ஓர் அடிக்கட்டையில் செருகிப் பூட்டும் யூ லாக்தான். கையால் இயக்கும் சாதாரண கட்டர் அதன் மேல் பல் பதிக்காது. இரும்பறுக்கும் கிரைண்டர் வந்தால் அறுபடும், ஆனால் சத்தமும் பொறியும் தெருவையே எழுப்பிவிடும். வாங்கும்போது கம்பியின் இரண்டு காலும் அடிக்கட்டையில் பூட்டிக்கொள்கிறதா என்று பாருங்கள். ஒரு கால் மட்டும் பூட்டினால் ஒரே வெட்டில் திருகி எடுத்துவிடலாம். வட்டத் துளைச் சாவி வேண்டவே வேண்டாம். 2004இல் கிரிப்டோனைட் என்ற அமெரிக்கப் பூட்டு நிறுவனத்தின் வட்டச் சாவிப் பூட்டுகளைப் பால்பாயின்ட் பேனாவின் குழாயை வைத்தே திறந்து காட்டினார்கள். நிறுவனம் பூட்டுகளை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. இன்றும் மலிவுப் பூட்டுகளில் அந்தத் துளை வருகிறது.

நல்ல பூட்டை வாங்கி முன்வீலில் மட்டும் மாட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். திரும்பி வரும்போது அந்த வீல் மட்டும் கம்பத்தில் பத்திரமாக இருக்கும்! சீட் டியூப் (சீட்டுக்குக் கீழே இறங்கும் ஃப்ரேம் குழாய்), பின்வீல், கம்பம் மூன்றையும் ஒரே வளையத்துக்குள் கொண்டுவருவது முதல் வழி. மட்கார்டு உள்ள வண்டியில் சீட் டியூப்புக்கும் டயருக்கும் நடுவே இடம் கிடைக்காது. அப்போது பின்வீலைத் தாங்கும் ஃப்ரேமின் பின் முக்கோணத்துக்குள் வரும் இடத்தில் ரிம்மையும் கம்பத்தையும் சேர்த்துப் பூட்டினாலே போதும். பின்வீலை அந்த முக்கோணத்திலிருந்து உருவ முடியாது, ஆகவே ஃப்ரேமும் மாட்டிக்கொள்ளும். வளையத்துக்குள் காலி இடம் குறைவாக இருக்கட்டும், நெம்பும் கம்பி நுழையக் கூடாது. முன்வீல் கையாலேயே கழற்றும் குயிக் ரிலீஸ் வகை என்றால் அலென் கீ போட்டுத் திருகும் வகைக்கு மாற்றிவிடுங்கள். பழைய கேபிளைத் தூக்கிப் போட வேண்டாம், முன்வீலை யூ லாக்கோடு இணைக்க உதவும்.

குறைகளும் உண்டு. எடை ஒரு கிலோவுக்கு மேல். ஃப்ரேமில் மாட்டும் பிளாஸ்டிக் கிளிப் நம் வேகத்தடைகளில் சீக்கிரமே விரிசல் விடுகிறது. பழைய டியூப்பை வெட்டிக் கேரியரில் கட்டினால் ஆட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. ஈ.பி. கம்பத்தைச் சுற்ற வளையம் போதாது. போர்டு நட்ட கம்பமாக இருந்தால் பூட்டுமுன் ஒருமுறை ஆட்டிப் பாருங்கள், சில கம்பங்கள் கையோடு வந்துவிடும். ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஆள் வண்டிகளை நகர்த்தி நெருக்கி அடுக்குவார், எதோடும் பிணைக்க விடமாட்டார். அங்கே ஃப்ரேமையும் பின்வீலையும் மட்டும் சேர்த்துப் பூட்டி, டோக்கனைச் சாவிக்கொத்தில் மாட்டாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் பூட்டு கெடுவது உப்பாலும் தூசியாலும்தான். துளை கீழே பார்த்திருந்தால் மழைநீர் தேங்காது. சாவி இறுக ஆரம்பித்ததும் தேங்காய் எண்ணெய் ஊற்றுவார்கள். இரண்டு நாள் வழுக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். டபிள்யூடி-40 ஸ்பிரே அடித்து அழுக்கைக் கழுவி, நன்றாக உலரவிட்டு, கிராஃபைட் தூள் ஒரு சிட்டிகை போடுங்கள். எண்ணெய் இருக்கும்போதே தூள் போட்டால் சேறுதான். கடலோரத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யலாம். இறுகிய பூட்டில் பலம் காட்டித் திருகினால் சாவி முறுகி உள்ளேயே உடையும். தெருமுனைச் சாவிக்காரரிடம் இந்த வகைச் சாவிக்கு அச்சு கிடைப்பது அரிது. அதனால் இரண்டாவது சாவியும் சாவி எண் பொறித்த தகடும் வீட்டில் இருக்க வேண்டும்.

வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடல் அச்சுக்கு அடியில் பொறித்திருக்கும் ஃப்ரேம் எண்ணையும் படமெடுத்து வையுங்கள். கடைக்காரர் பில்லில் அதை எழுதாவிட்டால் கேட்டு எழுத வையுங்கள். வண்டி திருட்டுப் போய், போலீஸ் ஸ்டேஷனில் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது போடும்போது ‘கறுப்பு கலர் சைக்கிள்’ என்று மட்டும் சொன்னால், மீட்ட வண்டிகளின் வரிசையில் உங்களுடையது எது என்று எப்படிக் காட்டுவீர்கள்?