சிறிய பலகைக்கு ஏற்ற தண்டவாளம்: கேட்டோ யூனிட்ராக்

இரண்டடிக்கு நான்கடி ஒட்டுப்பலகைத் துண்டில் மாதிரி ரயில் பாதை அமைக்க எண்ணி, 9 மி.மீ. இடைவெளி கொண்ட ‘என்’ கேஜ் தண்டவாளங்களில் ஜப்பானின் கேட்டோ நிறுவனத்து யூனிட்ராக்கைத் தேர்ந்தெடுத்தேன். 315 மி.மீ. ஆர வளைவுகள் இரண்டடி அகலத்தில் அடங்கமாட்டா என்பதால், 249 மி.மீ. ஆரமுள்ள 45 பாகை வளைவுகள் எட்டையும் சில நேர்த்துண்டுகளையும் உதிரியாகவே வாங்கினேன். சல்லிப் படுகை தண்டவாளத்தோடு சேர்ந்தே வருவதால் ஆணியும் பசையும் தேவைப்படவில்லை. கழற்றி அட்டைப்பெட்டியில் வைத்து மறுபடி மாட்டினாலும் இணைப்பு ‘டக்’கென்று பொருந்துகிறது. வளைத்துப் பதிக்கும் நெகிழ் தண்டவாளம் இதைவிட மலிவுதான். அதற்கான பொறுமை எனக்கில்லை. செலவைக் காட்சியமைப்பில் குறைத்தேன்: காயவைத்த தேயிலைச் சக்கையே மண்ணாயிற்று. தெர்மோகோல் குன்றில் மட்டும் கரைப்பான் கலந்த பசையைத் தடவிப் பள்ளமாக்கிவிட்டேன். அதற்கு மரவேலைக்கான வெள்ளைப் பசையே சரி.