டி எண்டோர்ஸ்மென்ட் தேர்வு: மேனுவலா, ஆப்பா, யார்டா?

அமெரிக்காவில் கிளாஸ் ஏ லைசென்ஸ் (டிரெய்லர் இழுக்கும் கனரக வண்டிக்கானது) வைத்திருப்பவர் இரண்டு மூன்று டிரெய்லரைக் கோத்து இழுக்க வேண்டுமென்றால், லைசென்ஸில் ‘டி’ எண்டோர்ஸ்மென்ட் என்ற கூடுதல் அனுமதி ஏற வேண்டும். அதற்கு எழுத்துத் தேர்வு மட்டும்தான். பெரும்பாலான மாநிலங்களில் 20 கேள்வி, 16 சரியாக இருந்தால் பாஸ். வண்டியை ஓட்டிக் காட்டச் சொல்ல மாட்டார்கள். 2022 பிப்ரவரி 7 முதல் புது டிரைவர்களுக்கு வந்த கட்டாயப் பயிற்சி விதியிலும் பள்ளிப் பேருந்து, பயணிகள் வண்டி, அபாயச் சரக்கு எண்டோர்ஸ்மென்ட்கள் உண்டு, இது இல்லை. கம்பெனி தனியாகச் சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. இல்லையென்றால் இந்தத் தேர்வுக்கு எதை வைத்துப் படிக்கிறோமோ, அதுவே நமக்குக் கிடைக்கும் மொத்தப் பயிற்சி. அதனால்தான் எதை வைத்துப் படிப்பது என்பதை இவ்வளவு பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

வழி மூன்று இருக்கிறது. மாநில அரசு இலவசமாகத் தரும் சிடிஎல் (வணிக வண்டி லைசென்ஸ்) மேனுவல், போனில் இறக்கிக்கொள்ளும் கேள்வி ஆப், அப்புறம் டிரெய்லர்களைக் கோத்துக் கழற்றும் யார்டில் பழைய டிரைவரோடு நின்று பார்ப்பது. நான் ஆப்பை மட்டும் வைத்து இரண்டு மாலைகளில் பாஸ் ஆனவன். அதற்கான விலையை யார்டில் கொடுத்தேன். அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் ஒரே விஷயத்தை மூன்றும் எப்படிச் சொல்லித்தருகின்றன என்று பார்ப்போம். எந்த டிரெய்லர் கவிழ வாய்ப்பு அதிகம்? ஆப்பில் விடை ஒரு வரி: மூன்று டிரெய்லர் வண்டியில் கடைசி டிரெய்லர். தேர்வுக்கு அது போதும். மேனுவலின் 6ஆம் அத்தியாயத்தில் இதற்கு ஒரு படமே இருக்கிறது. ஒரே டிரெய்லர் இழுக்கும் சாதாரண ஐந்து அச்சு வண்டிக்குக் கவிழும் வாய்ப்பை 1 என்று வைத்தால், 27 அடி டிரெய்லர் இரண்டு கோத்த வண்டிக்கு 2, மூன்று கோத்ததற்கு 3.5. முன்னால் ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடித்தால் அந்த உதறல் பின்னால் போகப்போகப் பெரிதாகும், சாட்டையின் நுனி போல. இந்த ஒரு படம் மனதில் பதிந்தால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாக வரும். கனமான டிரெய்லரை ஏன் முன்னால் போட வேண்டும், லேன் மாறும்போது ஏன் அவ்வளவு மெதுவாகத் திருப்ப வேண்டும், எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது. யார்டில் இதை யாரும் விளக்க மாட்டார்கள். ஆனால் ‘கனமானது முன்னால்’ என்பதை எப்படிச் செய்வது என்று அங்கேதான் தெரியும். மூடின இரண்டு பெட்டிகளில் எது கனம் என்று கண்ணால் சொல்ல முடியாது. சரக்குக் காகிதத்தில் எடையைப் பார்த்துத்தான் வரிசையை முடிவு செய்ய வேண்டும்.

முன்னால் போகும் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்ற கேள்வியில் மேனுவல்தான் மேல். வண்டியின் ஒவ்வொரு 10 அடிக்கும் ஒரு விநாடி, வேகம் மணிக்கு 40 மைலுக்கு மேல் போனால் இன்னும் ஒன்று. 70 அடி வண்டி ஹைவேயில் போனால் 8 விநாடி. அனுபவசாலியிடம் கேட்டால் ‘நிறைய விடு’ என்பார். தப்பில்லை, ஆனால் அதை வைத்து விடையைக் குறிக்க முடியாது.

இப்போது டோலி. இரண்டு டிரெய்லருக்கும் நடுவில் வரும் சின்ன சக்கர வண்டி, மேலே பின் டிரெய்லரைத் தாங்கிப் பூட்டும் தட்டான ஃபிஃப்த் வீல், முன்னால் நீட்டிய இழுகம்பி. கோப்பது, கழற்றுவது பற்றிய கேள்விகள் தேர்வில் கட்டாயம் வரும். ஆப் அந்த வரிசையை உடைத்து உடைத்துக் கேட்கிறது. எனக்கு ஒவ்வொரு படியும் தனித்தனியாகத் தெரிந்திருந்தது, ஒன்றுக்கு அடுத்து எது என்பது தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், ராத்திரி பதினொரு மணிக்கு வண்டியைக் கழற்றப் போனேன். டோலி இன்னும் பின் டிரெய்லருக்கு அடியில் இருக்கும்போதே முன் டிரெய்லரின் பின்னால் இழுகம்பியைப் பிடித்திருக்கும் கொக்கியான பின்டில் ஹூக்கின் பூட்டில் கை வைத்துவிட்டேன். பக்கத்து வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கத்திக்கொண்டே ஓடி வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். பூட்டைத் திறந்திருந்தால் இழுகம்பி மேலே எகிறி என் முகத்தில் அடித்திருக்கலாம். இந்த எச்சரிக்கை மேனுவலின் 7ஆம் அத்தியாயத்தில் தெளிவாக இருக்கிறது. ஆப்பிலும் ஒரு கேள்வியாக வந்தது, நான் சரியான விடையைத்தான் தொட்டிருந்தேன். கை வைக்கும்போது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

அந்தப் பெரியவர் அன்று ராத்திரியே என்னை நிறுத்திவைத்து முழுசாகச் செய்து காட்டினார். பின் டிரெய்லரின் கால்களை இறக்கி டோலி மேலிருந்து கொஞ்சம் பாரத்தை எடுப்பது, முன் டிரெய்லரின் பின்னால் காற்று வால்வுகளை மூடுவது, டோலியின் ஹோஸையும் லைட் வயரையும் கழற்றுவது, டோலி பிரேக்கை விடுவிப்பது, ஃபிஃப்த் வீல் தாழைத் திறப்பது, டோலியை மெதுவாக வெளியே இழுப்பது. டோலி வெளியே வந்து, அதன் காலை இறக்கி, சங்கிலியைக் கழற்றி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்த பிறகுதான் பின்டில் ஹூக். ஒரு முறை கையால் செய்ததும் மேனுவலில் இருந்த அந்தப் பக்கம் எனக்குப் புது எழுத்தாகத் தெரிந்தது.

பிரேக்குக்குப் போகும் காற்றைச் சோதிப்பதும் அப்படித்தான். முன்னால் இழுக்கும் வண்டியான டிராக்டரில் காற்றழுத்தம் ஏறி, டிரெய்லருக்குக் காற்று விடும் சிவப்பு நாபை உள்ளே தள்ளி, டிரெய்லர் பிரேக்குக்கான கை வால்வைப் போட்டுவிட்டுப் பின்னால் நடந்து போக வேண்டும். கடைசி டிரெய்லரின் பின்னால் எமர்ஜென்சி லைன் (டிரெய்லருக்குக் காற்று நிரப்பும் குழாய்) வால்வைத் திறந்தால் காற்று சீறும். மூடிவிட்டு சர்வீஸ் லைனை (பிரேக்கைப் போட வைக்கும் குழாய்) திறந்தால் அதுவும் சீற வேண்டும். சத்தம் வரவில்லையென்றால் நடுவில் ஏதோ ஒரு வால்வு மூடியிருக்கிறது, பின்னால் பிரேக் இல்லை. ‘பின்பக்க வால்வு கடைசி டிரெய்லரில் மூடியிருக்க வேண்டும், மற்ற எல்லாவற்றிலும் திறந்திருக்க வேண்டும்’ என்ற விடையை ஆப்பில் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தச் சீறலை ஒரு முறை காதால் கேட்டவர் குழம்ப மாட்டார்.

யார்டை மட்டும் நம்பாதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். இருபது வருஷம் ஓட்டியவர்களிடம் குறுக்குவழிகளும் இருக்கும். கோத்த பிறகு பூட்டு பிடித்திருக்கிறதா என்று இழுத்துப் பார்க்காமலே கிளம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு குறை, உங்கள் யார்டில் இல்லாத வண்டியைப் பற்றி அங்கே எதுவும் தெரியாது. கலிபோர்னியாவில் மூன்று டிரெய்லர் ஓட்ட அனுமதியே கிடையாது. ஓரிகன், நெவாடா, யூட்டாவில் உண்டு. ஆனால் மேனுவலின் அத்தியாயம் இரண்டுக்கும் மூன்றுக்கும் சேர்த்துத்தான். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) கேள்விகளும் அப்படி: 1998 மார்ச் 1 முதல் செய்த டோலியில் அது கட்டாயம், இடது பக்கத்தில் மஞ்சள் விளக்கு இருக்கும். 1975க்கு முந்தைய டிரெய்லர், டோலிகளில் ஸ்பிரிங் பிரேக் (காற்று போனாலும் பிடிப்பது) கட்டாயமில்லை. இதெல்லாம் மேனுவலில்தான் கிடைக்கும்.

ஒன்றை மட்டும்தான் எடுக்க முடியும் என்றால் மேனுவலை எடுங்கள். 7ஆம் அத்தியாயம் சில பக்கங்கள்தான், ஆனால் அதோடு 2, 5, 6ஐயும் படிக்க வேண்டும், கேள்விகள் அங்கிருந்தும் வரும். மூன்றுக்கும் வழி இருந்தால் வரிசை இப்படி: மேனுவலை ஒரு முறை படியுங்கள், ஒரு சாயங்காலம் யார்டில் நில்லுங்கள், திரும்ப மேனுவல். ஆப் கடைசி இரண்டு நாளைக்கு மட்டும். கேள்வியின் வார்த்தைகள் பழகவும், எங்கே தடுமாறுகிறோம் என்று தெரியவும் அது நல்ல கருவி. தப்பாகும் கேள்வியின் விடையை மனப்பாடம் செய்யாமல் அந்தப் பக்கத்தைத் தேடிப் போய்ப் படியுங்கள்.

யார்டுக்கே போக வழியில்லாதவர்கள் இரண்டு தீப்பெட்டியை டிரெய்லராகவும் நடுவில் ஒரு சின்னக் கட்டையை டோலியாகவும் வைத்து, கழற்றும் வரிசையை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பத்து முறை செய்து பாருங்கள். என் மருமகனுக்குச் சாப்பாட்டு மேஜையில் வைத்து இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். பின்டில் ஹூக்குக்கு வரும்போதெல்லாம் அவன் நிறுத்தி, ‘டோலி வெளியே வந்தாச்சா மாமா?’ என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைத்தான்.