பூச்சி வைரசின் மேற்பரப்பில் அயற்புரதம்: பாக்-டு-பாக் தொகுதி பற்றிய மதிப்பீடு

பூச்சிகளைத் தொற்றும் பக்குலோவைரசைக் கொண்டு புரதம் தயாரிக்க முனைவோர் பலர் முதலில் நாடுவது, அதற்கென விற்கப்படும் பாக்-டு-பாக் (Bac-to-Bac) என்னும் ஆய்வுகூடப் பொருள் தொகுதியைத்தான். நான் அதனைக் கையாண்டது புரதத்தைக் கலத்தினுள் குவிப்பதற்காக அன்று, வைரசின் உறைமீது நிறுத்துவதற்காக. ஆகவே அந்தத் தேவையை முன்வைத்தே இங்கு எழுதுகிறேன்.

1993 இல் லக்கோவும் குழுவினரும் வெளியிட்ட முறையே இதன் அடிப்படை. ஏறத்தாழ 134,000 காரச் சோடிகள் கொண்ட வைரசு டிஎன்ஏ முழுவதும் ஈ. கோலை பற்றீரியாவினுள் ஒரு பெரிய பிளாஸ்மிட்டாக (தனித்துப் பெருகும் வட்ட டிஎன்ஏயாக) பேணப்பட, நாம் கொடுக்கும் பரம்பரையலகு டிஎன்7 என்னும் இடம்மாறும் கூறின் துணையோடு அதில் குறித்த இடத்திற் சென்று பொருந்துகிறது. பரம்பரையலகு பொருந்திய பற்றீரியாச் சமுதாயம் தட்டில் வெள்ளையாகவும் பொருந்தாதது நீலமாகவும் தெரியும். பழைய முறையில் வாரக்கணக்காக இழுத்த பிரித்தெடுப்பு வேலை இதனால் இல்லாமற் போகிறது. இந்த அளவில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அயற்புரதத்தை வைரசின் உறைமீது நிறுத்தும் மேற்பரப்புக் காட்சிக்கோ தொகுதி பாதி வழிதான் கொண்டுசெல்கிறது. ஜிபி64 என்னும் உறைப்புரதத்தின் சமிக்ஞைப் பெப்தைட்டுக்கும் (புரதத்தை மென்சவ்வுக்கு வழிகாட்டும் முன்துண்டுக்கும்) முதிர்ந்த பகுதிக்கும் இடையே அயற்புரதத்தைச் செருகி, வைரசின் சொந்த ஜிபி64ஐத் தொடாமல், அந்த இணைப்பை இரண்டாம் பிரதியாகக் கொடுக்கும் வழியை 1995 இல் பௌப்ளிக், டி பொனிட்டோ, ஜோன்ஸ் ஆகியோர் காட்டினர். பரம்பரையலகை ஏற்றிச் செல்லத் தொகுதி தரும் வழக்கமான பிளாஸ்மிட்டில் ஜிபி64இன் எந்தப் பகுதியும் இல்லாததால், அதை நாமே கட்டிக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது ஊக்கிப் பகுதி, அதாவது பரம்பரையலகு எப்போது இயங்கவேண்டும் என்று தீர்மானிக்கும் டிஎன்ஏ துண்டு. வழக்கமாகப் பயன்படும் பொலிஹெட்ரின் ஊக்கி தொற்றின்போது மிகவும் பிந்தியே உச்சம் பெறுகிறது. அதற்குள் வைரசுகள் கலமென்சவ்விலிருந்து அரும்பி வெளியேறும் வேகம் தணியத் தொடங்கிவிடுவதால், புரதம் கலத்தில் நிறைந்திருந்தும் வைரசின்மேல் குறைவாகவே அமரக்கூடும். ஐஇ1 போன்று தொற்றின் தொடக்கத்திலேயே இயங்கும் முந்திய ஊக்கியை மாற்றிப் பொருத்துவது இதற்காகவே. புரதத்தை இனங்காணும் வெஸ்டர்ன் சோதனையில் கலச்சாற்றில் பட்டை தெரிந்தவுடன் மகிழாமல், தூய்மையாக்கிய வைரசிலும் அதைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று மாணவர்களிடம் அழுத்திச் சொல்வேன்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆய்வுகூடங்களுக்கு இந்த வைரசு ஏற்றதே. முலையூட்டிகளில் அது பெருகுவதில்லை. அதை வளர்க்கும் பூச்சிக் கலங்களுக்குக் காபனீரொட்சைட்டு வழங்கும் கருவியும் தேவையில்லை. 2018 இல் அம்பாறைச் சோளச் செய்கையை அழித்த சேனா படைப்புழுவின் இனத்திலிருந்தே, இந்த வைரசை வளர்க்கும் எஸ்எஃப்9 என்னும் பூச்சிக் கலங்களும் பெறப்பட்டன என்பது எம்மவர்க்கு இன்னும் நெருக்கமான செய்தி. ஆனால் அக்கலங்கள் கேட்பது 27 பாகை செல்சியசு. குளிர்நாட்டில் இதற்குச் சூடாக்கும் பெட்டி போதும்; கச்சான் காற்று வீசும் மாதங்களில் எமது அறைவெப்பம் 30ஐத் தாண்டுவதால், குளிரூட்டும் வசதியுள்ள இன்கியுபேட்டரே வேண்டும். தொகுதியோடு வரும் பற்றீரியாக் கலங்களை மறை 80 பாகையில் வைக்க வேண்டியிருப்பதால், மின்வெட்டுக்கு ஜெனரேட்டரும் அவசியம்.

ஆதலால் நிதி கோரும்போது தொகுதியின் விலையோடு இவ்விரண்டையும், தனியே வாங்கவேண்டிய எஸ்எஃப்9 கலங்களையும், ஜிபி64 பிளாஸ்மிட்டையும் சேர்த்தே கணக்கிடுங்கள். கிடைத்த முதற்சந்ததி வைரசை ஒளி படாமல் 4 பாகையில் வைத்து, அதிலிருந்தே புதிதாகப் பெருக்குங்கள். ஒரு கல வளர்ப்பிலிருந்து அடுத்ததற்கு மீண்டும் மீண்டும் கடத்தினால் செருகிய பரம்பரையலகையே வைரசு இழந்துவிடும்.